பத்தொன்பது முறை டாக்டர்

பர்பேங்க், விடிகாலை ஐந்தரை.
வெண்டல் பென்ஹாலோ சொந்தத் தொப்பியோடு வருகிறார்.
சொந்தத் தொப்பிக்கு நாளுக்கு ஒன்றரை டாலர் கூடுதல்.

திங்களன்று நீதிபதி. செவ்வாய், தந்தி குமாஸ்தா.
புதன், மதுக்கடையில் சுடப்பட்டுச் செத்து
சாப்பாட்டு மணிக்கு எழுந்துவிட்டார்.
இருநூற்றுப் பதினொரு படம்:
லூயெல்லா அடுக்களைக் காலண்டரில்
சிவப்புப் பென்சிலால் எண்ணிவைத்த கணக்கு.
பெயர் போட்டது ஒன்பதில்.
அதிலும் இரண்டில் எழுத்துப்பிழை.

பேருந்தில் யாராவது உற்றுப் பார்ப்பார்கள்.
"ஒமாஹாவில், எங்கள் வங்கியில், நீங்கள்தானே காசாளர்?"
"ஆமாம், லீவில் வந்திருக்கிறேன்" என்பார்.

டாக்டராக மட்டும் பத்தொன்பது முறை.
கதவைத் திறந்து
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி
மனசுக்குள் மூன்று எண்ணி
"எங்களால் ஆனதெல்லாம் செய்தோம்."
அவ்வளவுதான் வேலை.
கேமரா கதாநாயகன் முகத்துக்குத் திரும்பும் நேரம்
இவர் கேன்டீனில்
சூப்புக்கு உப்புப் போட்டுக்கொண்டிருப்பார்.

மார்ச் மாதம். க்ளென்டேல் மருத்துவமனை.
வந்தவன் சின்னப் பையன்.
கண்ணாடியைக் கழற்றவில்லை, எண்ணவுமில்லை.
"மிஸ்டர் பென்ஹாலோ, எங்களால் ஆனதெல்லாம்..."
வேகம் ஜாஸ்தி
என்றுதான் முதலில் தோன்றியது.

பிறகு தாழ்வாரத்தில் சத்தமில்லை.
பையன் இவர் முகத்தையே பார்க்கிறான்.
இந்த இடத்தில் அவர்கள் என்ன செய்வார்கள்?
கையை எங்கே வைத்துக்கொள்வார்கள்?
ஒரு தடவையாவது
சூப் ஆறினால் ஆறட்டுமென்று
நின்று பார்த்திருக்கலாம்.

தொப்பி ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போனது.
வாயில் வந்தது
எப்போதோ பேசிய ஓட்டல் குமாஸ்தாவின் வரி:
"ஏதாவது வேண்டுமென்றால் மணி அடியுங்கள்."

பையன் தலையாட்டினான்.