முதல் திங்கட்கிழமைக்கு முன்

ருபேன்,
கிளினிக் வரிசையில் நீ கேட்டாய்,
எத்தனை மணிக்குத் தொடங்குவீர்கள் என்று.
உன் மகன் முகத்தில் நெபுலைசர் இரைந்துகொண்டிருந்தது.
ஏதோ சொல்லிவிட்டேன்.
இப்போது சரியாகச் சொல்கிறேன்: தொடங்காதே.

முதல் வாரம் முழுக்கத் தொடங்காதே.

நான் தொடங்கினேன்.
பித்தளை மணி ஒன்று வாங்கி வந்து
காலை எட்டுக்கு ஆட்டினேன்.
சுவரில் நான்கு நிறத்தில் கால அட்டவணை.
சட்டைப் பையில் சிவப்புப் பேனா.
ஒன்பதரைக்குத் திரூஷா அழுதாள்.
நான் குளியலறைக்குள் போய்
குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.
அந்த மணி இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது.
இரவல் கேட்டாலும் தரமாட்டேன்.

எழுந்ததும் காற்று எந்தப் பக்கம் என்று பார்.
எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வந்தால்
ஜன்னலைச் சாத்து, சத்தமாக வாசிக்க விடாதே,
அன்றைக்குப் படம் வரையட்டும்.
கடலிலிருந்து வந்தால்
கணக்குப் புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டு
ட்ரெஷர் பீச்சுக்குக் கூட்டிப் போ.
துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பல்களை
எண்ணட்டும். பதினேழு. இல்லை, பத்தொன்பது.
ஏன் நிற்கின்றன, எந்த ஊர்க் கொடி,
உள்ளே இருப்பவர்கள் இன்றைக்கு என்ன சாப்பிட்டார்கள்?
கேட்பது பிள்ளையின் வேலை.
தெரியாது என்பது உன் வேலை.
அந்தச் சொல் என் வாயில் வர
நாலு மாதம் ஆயிற்று.

பின்னம் புரியவில்லையா, புத்தகத்தை மூடு.
கால் பன்னி இரண்டு வாங்கு, அரை பன்னி ஒன்று வாங்கு.
எது மலிவு, எதில் உருளைக்கிழங்கு அதிகம்?
அவள் அதைக் கண்டுபிடித்த அன்று
கடைக்காரரிடம் சண்டைக்கே போனாள்.

துறைக்கு அனுப்பும் படிவத்துக்கு
இரண்டு நகல் எடுத்து வை.
பழைய செருப்புப் பெட்டி ஒன்றில்
எல்லாவற்றையும் தேதி எழுதிப் போடு:
பாதியில் நின்ற கணக்கு, பேருந்துச் சீட்டு,
அவரை முளைத்த பஞ்சு.
(காய வைத்துப் போடு. நான் ஈரத்தோடு போட்டேன்,
பூஞ்சை படர்ந்தது, அதுவே ஒரு வாரப் பாடம்.)
இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது
இன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும்.
அப்போது பெட்டியைத் திற.

கல்யாண மண்டபத்தில் யாராவது
அவன் தாடையைப் பிடித்து
ஏழெட்டு எத்தனை என்பார்கள்.
பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை.
திரூஷா, “ஐம்பத்தாறு.
ஆன்ட்டி, உங்களுக்கு மறந்துபோச்சா?” என்றாள்.
நான் பாயசத்தைக் குனிந்து குடித்தேன்.

நண்பர்கள் இல்லாமல் வளர்வாளே என்பார்கள்.
மூன்று மணிக்கு, சுவருக்கு அந்தப் பக்கம்,
தொகொசானி பையை வீசிவிட்டு ஏறிக் குதிப்பான்.
அவன் அவளுக்கு ஜூலு, அவள் அவனுக்குப் பெருக்கல்.
அந்த நாக்குச் சொடுக்கு எனக்கு வரவே இல்லை.
சிரித்துச் சிரித்தே
என்னை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினார்கள்.

ஆனாலும் சில காலைகளில்
தெருவில் சீருடைகள் போகும்.
அவள் ஜன்னலோரம் நின்று பார்ப்பாள்,
கடைசிப் பிள்ளை திருப்பத்தில் மறையும் வரை.
அதற்கு என்னிடம் யோசனை ஒன்றும் இல்லை.
பக்கத்தில் போய் நிற்பேன்.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்பாய்.
அகரம்கூடத் தெரியாதவன்தான் நான்.
அவளும் நானும் ஒரே நாளில்
ஒரே புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தோம்.
இப்போது அவள் எனக்கு முப்பது பக்கம் முன்னால்.
இந்தத் தாளில் ஐந்து பிழை திருத்தியிருக்கிறாள்,
என்னுடைய சிவப்புப் பேனாவால்.

உனக்கு எழுத்துக் கூட்ட வராவிட்டால்
ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வா.
வாசித்துக் காட்டுவாள்,
காற்று கடல் பக்கமிருந்து வந்தால்.