அவசரமானால் யாரை அழைக்க

புந்தா அரேனாஸில்
காற்று கூடும் மாதங்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டு போகலாம்.
உனக்கெதற்குக் கயிறு,
கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று
யாரும் யாரையும் கேட்பதில்லை.

அப்பா கேட்டார்.
கயிற்றைப் பற்றியல்ல.
ரொட்டியைப் பிய்த்தபடி,
"உனக்கு என்ன குறைச்சல்?
கை கால் இருக்கு. நண்டு ஆலையில வேலை இருக்கு.
அத்ரியாட்டிக் கரையிலேர்ந்து
நம்ம ஆளுங்க கப்பலேறி வந்தப்ப
அழ நேரம் இருந்துச்சா அவங்களுக்கு?"

அண்ணன் ஈவோ சிரித்தான்.
"அந்த டாக்டர்கிட்ட போனா
பைத்தியம்னு பதிஞ்சிருவாங்க.
அப்புறம் எந்தப் படகுலயும் ஏத்த மாட்டாங்க."
நான் படகில் ஏற நினைத்ததே இல்லை.
அதைச் சொல்லவில்லை.
அம்மா தட்டுகளை எடுத்துக் கழுவினாள்,
ஏற்கெனவே கழுவியவற்றையும்.

ஐந்து மாதமாகத் தூக்கம்
மூன்று மணிக்கு என்னை விட்டு எழுந்து போய்விடுகிறது.
அதன்பின் கூரைத் தகரம் பேசும்.
காற்றுதான். எனக்குத் தெரியும், காற்றுதான்.
ஆனாலும் என் பெயரைச் சரியாக உச்சரிக்கும்.
ஒரு விடியலில் கடற்கரைச் சுவரோரம்
நெடுநேரம் நின்றேன்.
எதற்கு என்று எழுத மாட்டேன்.
ஒரு நாய் வந்து காலணியை முகர்ந்தது.
திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில்
நண்டு வாடையோடே கிளம்பினேன்.
கயிறு ஈரமாக இருந்தது.
முன்னால் ஒரு தபால்காரர்,
பின்னால் ஒரு பள்ளிச் சிறுவன்.
நான் எங்கே போகிறேன் என்று
இருவருக்கும் தெரியாதது நிம்மதியாக இருந்தது.

சுகாதார நிலையத்தில்
இன்றைக்கு மருத்துவர் இல்லை என்றார்கள்.
ஜலசந்திக்கு அந்தப்பக்கம், போர்வெனீரில்,
படகு கிளம்பவில்லையாம்.
காற்றாம்.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
அழுகை என்று நினைத்து
வரவேற்பில் இருந்தவள் தண்ணீர் கொடுத்தாள்,
கூடவே ஒரு படிவமும்.

பெயர், யாஸ்னா. வயது, இருபத்தாறு.
தூக்கம், பசி, எண்ணங்கள்.
கட்டங்களில் குறி போட்டுக்கொண்டே வந்தேன்.
ஒரு கட்டத்தில் பேனா நின்றது.
போட்டேன்.
கடைசி வரி:
அவசரமானால் யாரை அழைக்க? உறவு?

எனக்கு மூன்று எண்கள் மனப்பாடம்.
மூன்றும் ஒரே மேசைமேல் ஒலிக்கும்.

"காலியா விடலாமா?"
"இன்னிக்கு விடலாம்," என்றாள்.
"வியாழக்கிழமை எழுதிக் கொண்டு வா."

ஆலையில் எனக்கு எதிரே நிற்பவள் நெல்டா.
சிலோயே தீவுக்காரி.
ஆறு வருடமாக அவள் ஓட்டை உடைக்கிறாள்,
நான் சதையை உருவுகிறேன்.
பேச முடியாத இரைச்சல்.
ஒருமுறை கத்தி என் விரலைக் கீறியபோது
தன் கையுறை ஒன்றைக் கழற்றி எறிந்தாள் என் பக்கம்.
அன்று முழுக்க
ஒரு கை வெறுங்கையாக முள்ளில் வேலை செய்தாள்.
அவ்வளவுதான் எங்களுக்குள்.

மறுநாள் ஆவிக்குள் குனிந்து கத்தினேன்.
"உன் குடும்பப் பேர் என்ன?"
"எதுக்கு?"
"ஒரு தாள்ல எழுதணும். அவசரம்னா
உன்னைக் கூப்பிடுவாங்க.
நடுராத்திரியாக்கூட இருக்கலாம்."

என்ன அவசரம் என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய் தயாராக இருந்தது.
சுத்தியலைக் கீழே வைத்தாள்.
ஈர விரலால் எஃகு மேசையில்
ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்,
நா-வெல்-கின்.
பிறகு எண்கள்.
ஏழா ஒன்றா, புரியவில்லை.
மறுபடி எழுதச் சொன்னேன்.
எழுதினாள்.

நாளை பதினொன்று நாற்பதுக்கு.
படகு வருமா தெரியாது.
தாளை நிரப்பிவிட்டேன்.
உறவு என்ற இடத்தில்:
எதிரே நிற்பவள்.