எட்டு நாள் வழி

குடல் முறுக்கி, விடியுமுன் செத்தது செலாஹே.
பத்தே முக்காலுக்குத்
தெர்மகோல் பெட்டியை மேசையில் வைத்தாள் எதெல்வினா.
இமைவரைக்கும் பம்பாஸ் புழுதி.
வில்லேகாஸிலிருந்து ரியோ குவார்த்தோ வரை
வானொலிகூடப் போடாமல் ஓட்டி வந்திருக்கிறாள்.

பெட்டிக்குள் பனிக்கட்டி, மேலே துணி,
துணிக்குள் இரண்டு விரைகள்.
நேராகப் பனி படக்கூடாதென்று
தொலைபேசியில் நான்தான் சொன்னேன்.

உறையைக் கீறிக் குழலைப் பிரிக்கிறேன்.
கைப்பிடிக்குள் சுருண்டு கிடக்கும் இதை நீட்டினால்
இந்தக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றும்.
"சுத்துமா?"
சுற்றும். கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

விரையை விட்டு வெளியேறும்போது
அவற்றுக்கு வால் உண்டு, நீச்சல் இல்லை.
பிறந்த வீட்டு மிச்சமாய்க் கழுத்தில் ஒரு துளி.
குழல்தான் நகர்த்திக்கொண்டு போகிறது,
போகிற வழியெல்லாம்
மேலே எதையோ அழிக்கிறது, எதையோ பூசுகிறது.
துளி கழுத்தை விட்டு மெல்லக் கீழிறங்குகிறது.
எட்டு நாள். சில நேரம் ஒன்பது.
கடைசி வளைவுக்கு வந்து சேர்ந்தவை
நீந்தத் தெரிந்தும் நீந்தாமல்
உறங்குகின்றன.

இதெல்லாம் அவளுக்கு வேண்டாம்.
"உயிரோட இருக்கா?"

குழலின் தலையிலிருந்து ஒரு சொட்டைக் காட்டினேன்.
அசைவில்லை.
நடுவிலிருந்து ஒன்று:
வட்டமடித்தன, ஒரே இடத்தில், ஒரே பக்கமாய்.
"முதல்முதலா கயிறு கட்டின வாரம்
அவனும் இப்படித்தான்" என்றாள்.
சிரிக்கவில்லை.

பிறகு வால்.
நாளத்தின் வாயில் ஊசி நுழைத்து
எதிர்த்திசையில் அலசினேன்.
பால் கலந்த நீர்மம் பட்டதும் விழித்து
நேராக,
வில்லையின் வட்டம் தாண்டி,
என் கண்ணுக்குப் பிடிபடாமல்

அவள் விரல்விட்டு எண்ணினாள்.
இன்றைக்குச் செப்டம்பர் பதினாறு.
இவை உருக்கொள்ளத் தொடங்கியது
ஜூலையில், தண்ணீர்த்தொட்டி உறைந்த வாரம்.
அவள் கோடரியால் பனியை உடைக்கும்வரை
தோளில் மோவாய் வைத்துக் காத்திருந்தானாம்,
மூச்சு மட்டும் சூடாக.

நாற்பத்து மூன்று ஸ்ட்ரா.
ஒவ்வொன்றிலும் பெயர், தேதி.
நைட்ரஜன் ஆவிக்குள் இறக்கினேன்.

தலையிலும் நடுவிலும் இன்னும் கோடிக்கணக்கில்.
சிலவற்றுக்கு இரண்டு நாள் குறை,
சிலவற்றுக்கு ஆறு.
நகர்த்த இனிக் குழலுக்குத் தெம்பில்லை.
எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு
வாயைக் கட்டினேன்.

"அதை நான் கொண்டுபோறேன்."
விதிப்படி கூடாது.
கொடுத்தேன்.
வண்டியில் முன்னிருக்கையில் வைத்தாள்,
பெட்டியைப் பின்னால் எறிந்துவிட்டு.