கையுறை

ஜுமுன்ஜின் துறைமுகத்தில்
கணவாய்ப் படகுகள் விளக்கணைத்துத் திரும்பும் நேரம்
எங்கள் சபையில் விளக்கேற்றுவார்கள்.
நாலரை மணி.
யார் வந்திருக்கிறார்கள் என்று
வாசலில் கிடக்கும் செருப்புகளே சொல்லிவிடும்.

போதகர் ஓ கையை உயர்த்துவார்.
மூன்று முறை கத்துவோம், ஆண்டவரே என்று.
பிறகு அறுபது வாயும் ஒன்றாகத் திறக்கும்,
அவரவர் ஜெபம் அவரவர் தொண்டையில்.
சியோலிலிருந்து வந்த என் நாத்தனார்
முதல் நாளே கேட்டாள்:
இது சபையா, மீன் ஏலமா?

அவளுக்கு என்ன தெரியும்.
இவ்வளவு இரைச்சல் இருந்தால்தான்
ஒருத்தி தன் வயிற்றெரிச்சலை
வாய்விட்டுக் கொட்ட முடியும்,
பக்கத்து மெத்தைக்குக்கூடக் கேட்காமல்.

நான் அங்கே சாபமிட்டுக்கொண்டிருந்தேன்.
இரண்டு வருஷமாக.
பில்-நம் வாங்கிய கடனுக்கு
என் புருஷன் ஜாமீன் கையெழுத்துப் போட்டான்,
சோஜு குடித்த ஒரு சாயங்காலம், சிரித்துக்கொண்டே.
பில்-நம் ஒரு ராத்திரியில் காணாமல் போனான்.
எங்கள் படகு ஏலத்துக்குப் போனது.
புருஷன் இப்போது யாருடைய படகிலோ ஐஸ் உடைக்கிறான்.

ஆண்டவரே, அவன் காலை முடக்கும்.
அவன் கை விரல் ஒவ்வொன்றும் மரத்துப் போகட்டும்.
அவன் தட்டுகிற கதவெல்லாம் உள்ளே தாழிட்டிருக்கட்டும்.
பக்கத்தில் தோக்-சில் அக்கா
மூச்சுக்கு மூச்சு ஆமென் சொல்வாள்,
தன் மகனின் பரீட்சைக்காக.
எனக்குத்தான் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வேன்.

பிப்ரவரியில் அந்தப் பனி விழுந்தது.
இடுப்பளவு.
பாதையும் கடலோரமும் எதுவென்று தெரியவில்லை.
கருவாட்டுக் கொட்டகையின் கயிற்றைப் பிடித்துப் பிடித்து நடந்தேன்;
சாபத்துக்கு ஒரு நாள்கூட விடுமுறை கொடுக்க மனமில்லை.

வாசலில் நான்கு ஜோடி.
போதகர், அவர் மனைவி,
டாக்ஸி ஓட்டும் கி-மான்,
நான்காவது
குதிகால் தேய்ந்த பழுப்பு நிற பூட்ஸ்.
பில்-நம்மின் மனைவி மால்-சுன்.

வழக்கமாகத் தூணுக்குப் பின்னால் உட்காருவாள்.
அன்று எல்லோரும் அடுப்பைச் சுற்றித்தான்,
முழங்காலுக்கு முழங்கால் இடிக்கிற தூரம்.

மூன்று முறை கத்தினோம்.
நன்றாக இல்லை,
காலி அண்டாவைத் தட்டியதுபோல் இருந்தது.
பிறகு ஜெபம்.
ஐந்து பேர் சத்தத்துக்குள்
எதைத்தான் ஒளித்துவைக்க முடியும்?
வாயைத் திறந்தேன்.
ஆண்டவரே என்பதற்கு மேல்
ஒரு சொல்லும் வெளியே எடுக்கத் தகுந்ததாக இல்லை.

அதனால் கேட்டேன்.
இரண்டு வருஷத்தில் முதல்முறையாக
அந்த அறையில் சும்மா இருந்து கேட்டேன்.

கி-மான் தன் ஈரலுக்காகக் கெஞ்சினான்;
அவனுக்கு ஈரல் கெட்டது ஊரில் யாருக்கும் தெரியாது.
போதகரின் மனைவிக்கு இந்த ஊரே பிடிக்கவில்லையாம்.
மால்-சுன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
என் பெயரைச் சொல்லவில்லை, படகைச் சொல்லவில்லை.
நான் காத்திருந்தேன், சொல்லவே இல்லை.
தரையைப் பார்த்துக்கொண்டு
அவள் திரும்பத் திரும்பச் சொன்னதெல்லாம்:
அந்த மனுஷன் கையுறையை வீட்டிலேயே விட்டுப் போய்விட்டான்.
அலமாரியில் இருக்கிறது.
எங்கே இருக்கிறானோ, குளிர்கிறது ஆண்டவரே,
யாராவது ஒரு ஜோடி கொடுக்கட்டும்.

அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில்
ஆமென் என்றது ஒரு குரல்.
கி-மான் இல்லை. போதகர் இல்லை.
பழக்க தோஷம் என்று
வீடு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.
ஐஸ் உடைத்துத் திரும்பிய புருஷனின் கைகளைப்
பார்க்காமல் சோறு வைத்தேன்.

மூன்றாம் நாள் பாதை திறந்தது.
அறுபது ஜோடி செருப்பு, அதே கடல் இரைச்சல்,
தூணுக்குப் பின்னால் அவள்.
நானும் என் பழைய ஜெபத்தை எடுத்தேன்.
இன்னும் மன்னிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.
கால் முடங்கட்டும் என்றேன்.
கதவுகள் தாழிட்டிருக்கட்டும் என்றேன்.
விரல்கள் வரும் இடத்தில்
கொஞ்சம் நிறுத்தி
தூண் பக்கம் காது கொடுத்துவிட்டு
அந்த வரியை மட்டும்
தாண்டிப் போனேன்.