பதினோராவது அறை

பள்ளத்தூர் வீட்டை எடுக்கப் போனபோது
வாடகைக்கு வாங்கிய லென்ஸ் ஒன்று பையில் இருந்தது.
எட்டடி அறையைப் பதினாலடியாகக் காட்டும்.
கல்யாணத்தில் இதை மாட்டினால்
ஓரத்தில் நிற்கும் தாய்மாமன் யானையாகிவிடுவார்,
ஆல்பம் திரும்பி வரும்.
வீடுகள் கோபித்துக்கொள்வதில்லை.

தரகர் சோலையப்பன் ஜவுளிக்கடைப் பையில்
சாவிகளைக் குலுக்கியபடி வந்தார்.
வளவைச் சுற்றிப் பதினோரு அறை,
பதினோரு பங்கு, பதினோரு பூட்டு.
கோயம்புத்தூர்ச் சாவி கூரியரில் வந்ததாம்.
பினாங்குச் சாவியை ஒரு மருமகன்
பழனிக்கு நடந்துபோகையில் கொடுத்துவிட்டுப் போனாராம்.
நியூஜெர்சியிலிருந்து குரல்பதிவு மட்டும்:
பூட்டை உடைச்சுக்கங்க.

பத்தைத் திறந்தோம்.

"இது?"
"உறையூர்க்காரர் அறை. அவுக பேசமாட்டாக.
தொண்ணூத்தெட்டுல ஒரு வெள்ளிச் செம்புத் தகராறு."

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முத்துராக்கு
நான் முக்காலியை எந்தப் பக்கம் நட்டாலும்
கேஸ் அடுப்பு, கொடித் துணி, மகன் சைக்கிள் எல்லாவற்றையும்
எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டு
தானும் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.
ஆள் இருந்தால் விலை குறையும் என்று
யார் சொன்னார்களோ அவளுக்கு.

ஒரு அறைக்கு ஐந்து கிளிக்.
இருட்டுக்கு இரண்டு, வெயிலுக்கு இரண்டு, நடுவில் ஒன்று.
ஐந்தையும் கலந்தால்
எந்தக் கண்ணும் பார்த்திராத ஓர் அறை வரும்.
மேலே போட என்னிடம் ஒரு வானம் இருக்கிறது.
தேவகோட்டை வீட்டுக்கும் புதுவயல் வீட்டுக்கும் அதேதான்,
இடது ஓரத்தில் முயல் மாதிரி ஒரு மேகம்.
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"விளம்பரத்துல பதினொண்ணுன்னு போட்டாச்சு.
பத்தாவதையே திருப்பிப் போட்டுருங்க,"
என்றார் சோலையப்பன், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

திருப்பினேன்.
இடம் வலமானது. அவ்வளவுதான் வேலை,
ஒரு விநாடிகூட ஆகவில்லை.

அழைப்புகள் வந்தன.
போர் எத்தனை அடி?
தூணை மட்டும் தனியாகத் தருவாகளா?
பேய் கீய்?

நான்காம் நாள் உறையூர்.
நிதானமான குரல்.
"என் அறையை எப்படித் தொறந்தீக?
சாவி எங்கிட்டல்ல இருக்கு."
ஒரு பொய்க்காக நான் தொண்டையைச் செருமுவதற்குள்
அவரே தொடர்ந்தார்:
"சன்னலுக்கு வலப்பக்கம் ஒரு ஆணி இருக்குமே,
சைக்கிள் பம்ப்பு மாட்டுவேன். படத்துல காணலை."
"காலண்டர் தொங்குது சார் அதுல."
"ஓ."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஏதோ குக்கர் விசில்.
"சுத்தமா இருக்கு. யாரு கூட்டுறது?"
முத்துராக்கு என்றேன்.
அந்த அழைப்பில் நான் சொன்ன உண்மை அது ஒன்று.

பெரிதாக, எழுத்தில்லாமல் ஒரு பிரதி கேட்டார்.
அனுப்பியபிறகுதான் பெரிதாக்கிப் பார்த்தேன்:
காலண்டரில் நகைக்கடைப் பெயர் தலைவாசல் மாறிக் கிடந்தது,
தேதிகள் புறமுதுகு காட்டி நின்றன,
முருகன் வேல்
இடக்கையில்.

இரண்டு நீலக் குறி விழுந்தது.
இரவு பத்தே காலுக்குப் பதில்:
"காலண்டரை மட்டும் எடுத்துருங்க தம்பி.
வாங்க வர்றவுக கண்ணை உறுத்தும்.
மத்தபடி என் அறைதான்."

அழிப்பது எனக்குப் பழக்கம்.
மின்கம்பி, எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி,
கண்ணாடியில் விழுந்த என் வயிறு.
காலண்டர் போனது.
சுவர் ரொம்ப வெறுமையாக இருந்தது.

காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து
அங்கே ஒரு ஆணி வரைந்தேன்,
சன்னலுக்கு வலப்பக்கம்,
கொஞ்சம் துரு,
பம்ப்பின் கனத்தில் லேசாகக் கீழே வளைந்தாற்போல.
நிழலும் போட்டேன்.
வெயில் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்று
யோசித்ததில்தான் நேரமாகிவிட்டது.