ஒன்றரை இஞ்சி

தொண்டு நிறுவனம் ஏலத்தில் விட்ட வெள்ளைப் பஜிரோ.
கதவிலிருந்த சின்னத்தைச் சுரண்டிய பிறகும்
வெயில் படாத அந்த வட்டம்
கொஞ்சம் கூடுதல் வெள்ளை.

அதன் தலைக்கு ஒரு கரியர் வேணுமென்று
மார்கழி லீவில் எனக்குத் தோன்றியது.
"என்னத்தை ஏத்தப் போறியள்?"
தயாளினி கேட்டாள், வெங்காயம் உரித்தபடி.
ஏத்துறதுக்கு ஏதாவது வரும் என்றேன்.

இரும்புக்கு அலையவில்லை.
கேபிள் வந்த வருசம் படுக்கப்போட்ட அன்ரனாக் குழாய்
வளவு மூலையில் கிடந்தது,
மேல்முனையில் காகங்களின் காய்ந்த எச்சத்தோடு.
உள்ளே சிவப்பெறும்புகள்
உறுதி எதுவும் இல்லாமல் குடியிருந்தன.
குறுக்குக்கு, நெல்லியடியில் நிறுத்து வாங்கிய
ஆசுபத்திரிக் கட்டில் கம்பிகள்.

குகதாஸ் அளந்தான்.
அவனுடைய அளவுநாடாவில்
முதல் இரண்டு இஞ்சி அறுந்துபோனது.
எப்போதும் இரண்டைக் கழிக்க வேணும்.
சிலநேரம் கழித்தோம்.
சிலநேரம் கழித்ததாக நினைத்தோம்.

கறள் தேய்த்த கிறைண்டரின் பொறி
என் சாரத்தில் ஒன்பது துளை போட்டது.
பிறகு மழை. வாகனத்தைப் போர்ட்டிக்கோவுக்குள் விட்டு
அதன் தலையிலேயே வைத்து ஒட்டினோம்.
கம்பி தொடுகிறபோதெல்லாம்
ஒழுங்கை முழுக்கப் பல்புகள் கண்சிமிட்டின.
மூன்றாம் வீட்டில் யாரோ எங்களைப் பெயர் சொல்லித் திட்டினார்கள்.

மழைப்பீலியில் எட்டுக் கால்.
ஒவ்வொரு காலுக்கும் செருப்பாக ஒரு ரியூப் துண்டு.
இரண்டு பூச்சுக் கறுத்தப் பெயின்ற்.

பொங்கலுக்கு முதல்நாள் பின்னுக்கு எடுத்தேன்.
டங்.
முகப்பின் சீமெந்து பீமில்
கரியர் முட்டி நின்றது.
நாடா மூன்றரை என்றது.
கழித்தால், ஒன்றரை இஞ்சி.

நட்டைக் கழற்றலாம் என்றால்
நட்டும் பெயின்ற் குடித்து உறைந்திருந்தது.
பீமைக் கொத்தலாம் என்றான் குகதாஸ்.
தயாளினி குசினியிலிருந்து வந்தாள்.
ஒரு சுற்றுப் பார்த்தாள்.
குந்தியிருந்து வால்வு மூடியைத் திருகினாள்.
நாலு சில்லும் நீளமாய் மூச்சு விட்டன.

போதவில்லை.
ஒழுங்கையில் பட்டத்துக்கு முச்சை கட்டிக்கொண்டிருந்த
பெடியள் ஏழு பேரை உள்ளே அடைந்தோம்.
வில்லுத்தகடு முனகி இறங்கியது.
ஒரு கடதாசி நுழையும் இடைவெளியில்
பஜிரோ வெளியே வந்தது.
பெடியள் இறங்க மாட்டோம் என்றார்கள்.

ஆகவே மணற்காடு.
சைக்கிள்கள் முந்திப் போக, குடத்தனை தாண்டி,
சவுக்குகளுக்கு அப்பால் தார் முடிகிற இடம்.
அங்கேதான் எல்லாரும் இறங்கிக் காற்று விடுவார்கள்.
எங்களுக்கு விட்டாயிற்று.
சப்பைச் சில்லு மணலில் புதையாமல்
சோம்பலாய் உருண்டது.

கடற்காற்று பட்டதும் தலைக்கு மேலே ஒரு கூவல்.
குழாயின் ஒரு வாயை அடைக்க மறந்திருக்கிறோம்.
"விண் பூட்டியிருக்கு!" என்று கத்தினான் ஒருத்தன்.
அடைக்கவேண்டாம் என்று ஏழு பேரும் தீர்மானித்தார்கள்.

திரும்பும்போது பஸ் தரிப்பில் ஒரு பெண்.
றெஜீனா என்பது பிறகு தெரியும்.
பக்கத்தில் ஒரு பலாக்கதவு, பிணைச்சலோடு,
சுவரில்லாமல் நின்றது.
மூன்று பஸ் போய்விட்டதாம்.
ஆளுக்குத்தான் ரிக்கற், கதவுக்கு இல்லையாம்.
அவள் போகவேண்டியது நாகர்கோவில்,
எங்களுக்கு எதிர்த்திசை.
நான் தயாளினியைப் பார்த்தேன்.
அவள் கயிறு தேடிக்கொண்டிருந்தாள்.
கயிறு கொண்டுவரவில்லை.
குகதாஸின் பெல்ற், என் துவாய், அவளுடைய சால்.

வழிநீளம் கதவு
வானத்தைப் பார்த்தபடி மூடிக் கிடந்தது.

இறக்கும்போது பிணைச்சல் கீறி
ஒரு முழம் பெயின்ற் உரிந்தது.
உள்ளே அன்ரனாக் குழாய் மினுங்கியது.
றெஜீனா பதறினாள். நான் ஒன்றுமில்லை என்றேன்.
கொஞ்சம் இருந்தது.

அரைகுறை வீட்டின் நிலைக்கு
குகதாஸ் நாடாவைப் பிடித்தான்.
"இரண்டைக் கழி" என்றேன்.
கழித்துவிட்டேன் என்றான்.