மழையின் வேகம்

ஸாக்ரெப் நீதிமன்றம், மூன்றாம் மாடி.
சாட்சிப் பொருள் பதினேழு: ஒரு பென் டிரைவ்.
அதற்குள் ஒரே கோப்பு,
பேக்கரிக்காரன் தன் கேமராவிலிருந்து இறக்கித் தந்தது.
பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி,
புள்ளிக்குப் பின்னால்
துப்ராவ்கா இதுவரை பார்த்திராத மூன்று எழுத்து.

"போட்டுக் காட்டினால் போதும்" என்றிருந்தார் நீதிபதி,
தட்டில் போடுகிற சமாசாரம் மாதிரி.

கணினியோடு கூடப் பிறந்த பிளேயர்
வாசலிலேயே கையை விரித்தது.
அடுத்த அறை வாட்ரோஸ்லாவ்
ஒரு கோடெக் மூட்டையைச் சிபாரிசு செய்தான்.
வந்தது. கூடவே ஒரு வானிலைப் பட்டை,
ஒரு சீட்டாட்டம், யாரும் கேட்காத தேடுபொறி.
படம்?
பச்சையாய் ஒரு திரை. அதில் கட்டம் கட்டமாய்
டிராமின் மூக்கு.

பிறகு அந்த ஆரஞ்சுக் கூம்பு.
சாலையில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே,
அதுதான் அந்த பிளேயரின் சின்னம்.
எதைக் கொடுத்தாலும் தின்னும் என்று பேர்.
தின்றது.

மழை. சாவ்ஸ்கா சாலை. நீல டிராம்.
மஞ்சள் கோட்டில் யாட்ராங்கா, சைக்கிளோடு.
டிராம் வந்த வேகத்தில் துப்ராவ்கா
மேசைமேலிருந்த கையை இழுத்துக்கொண்டாள்.
காபி ஆறுவதற்குள்
ஓட்டுநர் கிரெஷிமிருக்கு
மனதில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

மறுபடி ஓட்டினாள்.
பேக்கரிக் கூரையிலிருந்து ஒரு புறா கிளம்பியது.
மூன்றாம் முறை புறாவை மட்டும் பார்த்தாள்.
எந்தப் புறாவுக்கு இத்தனை அவசரம்?
மழைகூட ஆணி அறைவதுபோல் இறங்கிற்று.

கேமரா கம்பெனியின் சொந்த பிளேயரைத்
தேடிப் பிடித்தாள்.
பொத்தான் எல்லாம் சீன எழுத்து.
எது ஓட்டும், எது நிறுத்தும் என்று
அழுத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
அதில் அதே டிராம்
சந்தைக்குப் போய்த் திரும்புகிறவள்போல வந்தது.
யாட்ராங்காவின் காறையெலும்பு
இரண்டிலும் அதே இடத்தில்தான் உடைகிறது.

நொடிக்குப் பன்னிரண்டு படம் எடுத்த கேமரா.
கூம்புக்கு அதை யாரும் சொல்லவில்லை,
இருபத்தைந்து என்று அதுவாக வைத்துக்கொண்டது.
பொய் இல்லை, அனுமானம்.
இந்தக் கட்டடத்தில் அதே வேலைக்கு
நாற்பது பேருக்குச் சம்பளம்.

ஆனால் மெதுவாய் ஓடினால் மெய்யாகிவிடுமா?
மதியம், கடித்த ரொட்டியைக் கையில் பிடித்தபடி
சாவ்ஸ்கா முனையில் போய் நின்றாள்.
சிக்னலின் மஞ்சள்:
ஒன்று, இரண்டு, மூன்று, சிவப்பு.
பத்து முறை எண்ணினாள். காலுறை நனைந்தது.
ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டினான்.
மேலே வந்து
இரண்டு பிளேயரிலும் மஞ்சளை எண்ணினாள்.
கூம்பில் ஒன்றரைகூட இல்லை.
மற்றதில் மூன்று, மயிரிழை பிசகாமல்.

விசாரணை அறைக் கணினியில்
மென்பொருள் நிறுவ அனுமதிப் படிவம்.
பெயர். பதிப்பு. விலை: இலவசம்.
தேர்ந்தெடுத்த காரணம், ஒரு வரிக்குள்.
எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள்:
இதில்தான் மழை
மழையின் வேகத்தில் பெய்கிறது.

படிவம் திரும்பி வந்தது.
காரணம் தொழில்நுட்பமாக இல்லையாம்.
"நொடிக்குப் பன்னிரண்டு படச்சட்டம்" என்று
மாற்றியதும் முத்திரை விழுந்தது.

வியாழக்கிழமை கிரெஷிமிர் வருவார்.
அந்த நிதான ஓட்டத்திலும்
அளந்து பார்த்தால்
அனுமதித்ததைவிட நாலு கிலோமீட்டர் கூடுதல்.
வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்
எல்லா பிளேயரிலும் இருக்கிறது.
அவள் தொடவில்லை.
பென் டிரைவை உறையில் போட்டு
நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

வாட்ரோஸ்லாவ் மூட்டையோடு வந்த வானிலைப் பட்டை
என்ன செய்தும் போக மாட்டேன் என்கிறது.
வியாழன்: மழை,
என்று ஓரத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறது.